ஓதன் குதிக்கல

அந்தப் புத்தகத்தையா படிக்கே? எங்க, அட்டையைக் கொஞ்சம் இங்கிட்டுத் திருப்பு பிள்ள. அதேதான். சங்குமலைச் சரித்திரம். ஏழாம் பாகம் வந்துட்டா? சவத்தெழவு, ஆறோட தொலைஞ்சுதுன்னுல்லா நெனச்சேன்.

இல்ல, பைக்குள்ள வைக்காண்டாம். பறிச்சுக்கிட்டா போகப்போறேன்? உங்கப்பாவுக்குப் புரை ஆப்பரேசன்தான? அப்ப வெளிய வர நேரமாகும், சாவகாசமா இரு. எங்க வீட்டுக்காரரையும் உள்ளதான் கூட்டிட்டுப் போயிருக்காங்க, கண்ணழுத்தம் பாக்க. பார்வை போயி வருசம் தாண்டிட்டு. கிளாக்கோமா. நரம்பு செத்துப்போச்சு, இனிமே திரும்பாதுன்னு கையை விரிச்சிட்டாங்க. வலி வரக்கூடாதுன்னுதான் மாசாமாசம் தூத்துக்குடியிலருந்து பஸ்ஸைப் புடிச்சு இங்க திருநெல்வேலிக்குக் கூட்டியாரேன். கஸ்பார்னு பேரு. மின்சார வாரியத்துல லைன் இன்ஸ்பெக்டரா இருந்தாரு. நான் செசிலி. உப்புக் கம்பெனி ஆபீஸ்ல வேலை பாத்தவ. எங்களுக்கும் சங்குமலைக்கும் என்ன சம்பந்தம்னு பாக்கியா? இருக்கு. ஆறுல அஞ்சு பாகத்தை நான் வாய்விட்டு வாசிச்சிருக்கேன். ஒவ்வொண்ணும் செங்கக்கட்டி கனம்.

நான் கேக்கேன், இது ஒரு கதையா?

ஒரு பயல். தாயில்ல, தகப்பனில்ல. தோள்ல சங்கு மாதிரி மச்சம். மச்சம்னு வாசிச்சதுமே நான் சொல்லிட்டேன், இவன் ராசா மவன்னு. ஊரே அந்த மச்சத்தைப் பாக்குது. குளிக்கையில பாக்குது, சண்டையில பாக்குது, ஒருத்தனுக்கும் பிடிபடலையாம்! நாலு பாகம் கழிச்சு ஒரு தாடிக்காரச் சாமியாரு வந்து சொல்லுதாரு. கேட்டா அவருக்கு ஆதியிலேயே தெரியுமாம். தெரிஞ்சா அன்னிக்கே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? 'காலம் கனியட்டும் என்று காத்திருந்தேன்'ங்காரு. அவருக்குக் காலம் கனியுததுக்குள்ள எத்தன பேரு செத்தான்! அந்தத் தாடியைப் பிடிச்சு ரெண்டு இழுப்பு இழுக்கணும்னு இருந்துச்சு எனக்கு.

சிரிக்கே. சிரி. இன்னும் கேளு. அந்தப் பயல் வேந்தழகன் குதிரையில ஏறுதான் பாரு, ஏறினவன் இறங்கவே இல்ல. மலையைத் தாண்டுதான், பாலைவனத்தைத் தாண்டுதான். அந்தக் குதிரை ஒரு வாய் புல்லு தின்னுச்சா? ஒரு சொட்டுத் தண்ணி குடிச்சுதா? பொம்பளைங்கள்லாம் தலைமுடிய விரிச்சுப் போட்டுக்கிட்டு மலையுச்சியில நிக்காளுவ. காத்து அடிக்கி, முடி பறக்கி. அப்ப இத்தன படைக்குச் சமைக்கது யாரு? வாளுக்குப் பேரு இருக்கு, குதிரைக்குப் பேரு இருக்கு. சோறு பொங்கிப் போட்டவளுக்கு ஒரு பேரு கிடையாது. எழுதினவனுக்கு வீட்ல தட்டுல சோறு தானா வந்து விழும்போல.

அவன் போட்டோ பின்னட்டையில இருக்கு பாரு. கன்னத்துல கையை வச்சுக்கிட்டு. அலமாரிக்கு முன்னாடி உக்காந்து கடலைப் பத்தி எழுதினா இப்படித்தான் இருக்கும்.

இந்தக் கூட்டத்துல மனுசன்னு இருந்தது ஒரே ஒருத்தன். படகோட்டி ஓதன். உனக்கும் அவனைத்தான் பிடிக்குமா? ம். பசிச்சா பசிக்குதும்பான், பயமா இருந்தா பயமா இருக்கும்பான். அவன் பாட்டுக்கு இருந்தான். ரெண்டாம் பாகத்துல அந்தத் தீநாகம் மூஞ்சியில ஊதி, பாவம், ரெண்டு கண்ணும் போயிட்டு. வேந்தழகனைக் காப்பாத்தப் போயித்தான் போச்சு. அவன் ஒரு நன்றி சொன்னானா? குதிரையைத் தட்டிட்டுப் போயிட்டான்.

இப்ப எங்க வீட்டுக் கதைக்கு வாரேன்.

முதல் பாகத்தை எங்க வீட்டுக்காரரு தானே வாசிச்சாரு, பூதக்கண்ணாடியை வச்சுக்கிட்டு. ரெண்டாவதுல பாதி வாசிக்கையில பார்வை சுத்தமா போயிட்டு. மிச்சத்தை நீ வாசி செசிலின்னாரு. எனக்கு இந்தப் பேயும் பிசாசும் ஆகாது. இருந்தாலும் மாட்டேன்னு எப்படிச் சொல்ல? அந்த மனுசன் வேற ஒண்ணுமே கேக்கல பிள்ள. சோறு கேக்கல. காப்பி கேக்கல. பூசைக்குக் கூட்டிட்டுப் போறேன்னா வரல. கட்டில்ல சுவரைப் பாத்துப் படுத்திருப்பாரு. 'நான் உனக்குப் பாரம் செசிலி'ம்பாரு. எதுக்கெடுத்தாலும் அந்த வார்த்தைதான். பாத்ரூமுக்குக் கையைப் பிடிச்சா பாரம். சட்டைக்குப் பித்தான் போட்டுவிட்டா பாரம்.

ஒரு நாள் மீன் வாங்கிட்டு வாரேன், கட்டில்ல ஆளக் காணோம். சுவரைத் தடவித் தடவி மாடிப்படி ஏறிப் போயிட்டாரு. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் ஓரத்துல நிக்காரு. என்னங்க இங்கன்னு கேட்டேன். 'காத்து வாங்க வந்தேன்'னாரு. காத்து வாங்குத மூஞ்சியா அது? முப்பது வருசத்துக்கு மேல பாத்த மூஞ்சி, எனக்குத் தெரியாதா? அன்னிக்கே மாடிக்கதவைப் பூட்டினேன். சாவி இன்னா பாரு, இடுப்புல. தூங்கையிலயும் இதை அவுக்கது இல்ல.

அந்த நேரத்துலதான் மூணாம் பாகம். மக ரெஜினா கோயம்புத்தூர்ல இருந்து வாங்கி அனுப்பியிருந்தா. சாயங்காலம் விளக்குப் போட்டுட்டு வாசிக்கேன். புயல் வருது. படகு நிறைய ஆளு, நிறைய உப்பு மூட்டை. உப்பு எதுக்குன்னு ஞாபகம் இருக்கா? அந்த நிழலரசிக்குக் கப்பம் கட்ட. படகு முங்கப் போகுது. எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்காங்க. எனக்கு வாய் இந்த வரியில இருக்கும்போதே கண்ணு அடுத்த வரிக்கு ஓடிரும். ஓடிப் பாத்தேன். என்ன எழுதியிருக்கான் தெரியுமா அந்த வெளங்காதவன்?

'விழியிழந்தவன் பாரம். பாரம் இறங்கினால் படகு மிதக்கும்' என்று சொல்லி ஓதன் கடலில் குதித்தான்.

நீ அழுதியா? அழுதேன்னு வேற சொல்லுத! ஊரே அழுதுச்சாமே. ரெஜினா சொன்னா, ஓதனுக்கு நினைவு நாள் கொண்டாடுதாங்களாம், மெழுகுவர்த்தி ஏத்துதாங்களாம். கூறு இருக்கா உங்களுக்கெல்லாம்? எங்கப்பா தோணியில தண்டல். தண்டல்னா தோணிக்குத் தலைவன், கப்பலுக்குக் கேப்டன் மாதிரி. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏத்திட்டுப் போனவரு. காத்துல மாட்டினா என்ன செய்வாங்கன்னு எங்க தெருவுல பாப்பாவைக் கேட்டாலும் சொல்லும். சரக்கைத் தள்ளுவாங்க. வெங்காயமோ சிமிண்டோ, ஓடோ உப்போ, தூக்கிக் கடல்ல போடுவாங்க. முதலாளி கரையில நின்னு கத்துவான், கத்தட்டும். ஆளையா தள்ளுவாங்க? அத்தன மூட்டையும் கண்ணு முன்னால கெடக்கு, ஒருத்தனும் கையை வைக்கல, கண்ணு தெரியாதவன் குதிக்கான். இவனுங்க கும்பிட்டுக்கிட்டு நிக்கானுவ! அப்புறம் அந்த வேந்தழகன் ரெண்டு பக்கத்துக்குக் கவிதை வேற பாடுதான். மூதி.

அதை நான் எப்படி வாசிப்பேன்? சொல்லு. கட்டில்ல அந்த மனுசன் காதைக் கொடுத்துக்கிட்டுக் கெடக்காரு. பாரம், பாரம்னு அவரே சொல்லிக்கிட்டு இருக்காரு. புத்தகமும் அதையே சொன்னா?

'என்ன செசிலி, நிறுத்திட்ட?'ன்னாரு. எனக்கு என்ன வந்துதுன்னு தெரியல, புத்தகத்தைப் பாத்துக்கிட்டே சொன்னேன், "ஓதன் எழும்பி நின்னு, 'ஏல, கூறுகெட்ட பயலுவளா, என்ன வேடிக்கை? உப்பு மூட்டையைத் தூக்கிக் கடல்ல தள்ளுங்கல!'ன்னு சத்தம் போட்டான்"னு.

அவரு சிரிச்சாரு பிள்ள. கண்ணு போனதுக்கப்புறம் அன்னிக்குத்தான் சிரிச்சாரு. 'தள்ளினானுவளா?'ன்னு கேட்டாரு. தள்ளினானுவன்னேன். 'ஓதன் நல்லா இருக்கானா?' நல்லா இருக்கான்னேன். அன்னிக்கு ராத்திரி கஞ்சி இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு கேட்டு வாங்கிக் குடிச்சாரு.

பெறகென்ன, மாட்டிக்கிட்டேன். பிழைச்சவனைச் சும்மா விட முடியுமா? 'ஓதன் எங்க, ஓதன் எங்க'ன்னு கேப்பாரே. நாலு, அஞ்சு, ஆறுன்னு அடுத்த மூணு பாகத்துக்கும் அவனை நான்தான் இழுத்துக்கிட்டு அலையுதேன். எழுதினவன் செத்தவனை மறந்துட்டு ஹாயா போயிட்டான். நான் ஒவ்வொரு சண்டையிலயும் இவனுக்கு ஒரு இடம் பாக்கணும், ஒரு பேச்சு குடுக்கணும். மத்தவனுங்கள்லாம் 'யாது நேர்ந்தது தலைவா'ன்னு பேசுவானுங்க. ஓதன் மட்டும் எங்க மட்டக்கடைத் தெருவுல பேசுத மாதிரி 'என்னல ஆச்சு'ம்பான். எனக்கு வேற பேச்சு வரலையே, என்ன செய்ய? நல்லவேளை, எங்க வீட்டுக்காரருக்கு இதெல்லாம் தெரியாது. கரண்டு கம்பத்துல ஏறி இறங்கின மனுசன், பேச்சுல வித்தியாசம் எங்க கண்டுபிடிக்கப் போறாரு?

ஒரு தடவை மட்டும் கேட்டாரு, 'என்ன செசிலி, ஓதன் வந்தா மட்டும் பக்கம் புரட்டுத சத்தமே கேக்கல?'ன்னு. பக்கம் பெருசுன்னு சொல்லிச் சமாளிச்சேன். அதுலருந்து கதை விடும்போதும் பக்கத்தைச் சும்மா புரட்டிக்கிடுவேன். அப்புறம் விட்ட இடத்தைத் தேடணும். என் தலையெழுத்து.

ரெஜினா இருக்காளே, அவ பெரிய உபகாரம் பண்ணுதேன்னு அவரு போன்ல இந்த எழவையும் ஒலிப்புத்தகமா ஏத்திக் குடுத்துட்டா. ஒரு பொம்பளை உருக்கமா வாசிக்கா. எனக்கு உசுரே போயிட்டு. மூணாம் பாகத்தைப் போட்டுக் கேட்டாருன்னா? ஆனா கர்த்தர் காப்பாத்தினாரு. 'அந்தப் பொம்பளை குரலு எனக்கு ஆகல, நீயே வாசி'ன்னுட்டாரு. இப்ப போனை ஜெபமாலை கேக்கத்தான் வச்சிருக்காரு. மத்தியானம் நான் கொஞ்சம் கண்ணசருவேன், அப்ப காதுல வயரை மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு. ஒரு நாள் முழிச்சுப் பாக்கேன், ஜெபமாலை கேட்டுக்கிட்டு தலையைத் தலையை ஆட்டிச் சிரிக்காரு. ஜெபமாலை கேட்டு யாராவது சிரிப்பாங்களா? வயசாயிட்டு, வேறென்ன.

புத்தியும் கொஞ்சம் தடுமாறுது. நாலாம் பாகத்துல கோட்டை முற்றுகை வருதுல்லா? அதுல ஓதனுக்கு என்ன வேலை குடுக்கன்னு தெரியாம நான் முழிக்கேன். இருமிட்டு இருமிட்டு பொழுதை ஓட்டுதேன். இவரு கட்டில்ல இருந்து சொல்லுதாரு, 'ஓதன் மட்டும் இருந்திருந்தா, தரையில காதை வச்சே எதிரி சுரங்கம் தோண்டுத சத்தத்தைக் கண்டுபிடிச்சிருப்பான்'னு. 'இருந்திருந்தாவா? அவன்தான் இருக்கானே!'ன்னு ஒரு அதட்டு போட்டேன். 'ஆமா, ஆமா, இருக்கான், மறந்துட்டேன்'னாரு. பாரு, நேத்து வாசிச்சது இன்னிக்கு ஞாபகமில்ல. ஆனா அந்த யோசனை நல்லா இருந்துச்சு, அப்படியே எடுத்துக்கிட்டேன். ஓதன் தரையில காதை வச்சான், சுரங்கத்தைக் கண்டுபிடிச்சான், கோட்டை பிழைச்சுது. இவரு கையைத் தட்டினாரு, என்னமோ தானே கண்டுபிடிச்ச மாதிரி.

அஞ்சாம் பாகத்துலயும் அப்படித்தான். அந்த இருட்டுக் குகை வருதே, எல்லாரும் வழி தெரியாம சுத்துதானுவளே. 'குகைக்குள்ள கண்ணு இருக்கவனும் குருடன்தான செசிலி? அங்க யாரு முன்னால போவா?'ன்னு கேட்டாரு. எனக்கு அப்பதான் உறைச்சுது. ஓதனை முன்னால விட்டேன். அந்த வேந்தழகனை அவன் வேட்டி நுனியைப் பிடிச்சுக்கிட்டு வர வச்சேன். எனக்கே ஒரு திருப்தி. மறுநாள் காலையில பாக்கேன், இவரு கம்பை எடுத்துக்கிட்டு 'முக்கு கடை வரைக்கும் நானே போயிட்டு வாரேன், நீ வராண்டாம்'ங்காரு. நான் பின்னாலயே போனேன், அவருக்குத் தெரியாம. போயி, பால் பாக்கெட்டை வாங்கிட்டு, வந்துட்டாரு. வாசல்ல வந்து நின்னு, 'வேட்டி நுனியைப் பிடிக்காமலே வந்துட்டியே செசிலி'ன்னாரு. என்ன உளறுதாருன்னு தெரியல.

இப்பல்லாம் பாரம்னு சொல்லுததை விட்டுட்டாரு. நான்தான் சாவியை விடல.

சரி, நான் உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். இதைக் கேக்கத்தான் வந்து பக்கத்துல உக்காந்தேன், மறைப்பானேன். நீ முடிச்சிட்டியா? முடிக்கப் போறியா? கடைசியில ஓதனைப் பத்தி ஏதும் வருதா? பாத்துச் சொல்லு. இவரு நாளைக்கே ஏழாம் பாகம் வாங்குன்னு நிப்பாரு, எனக்கு முன்கூட்டித் தெரிஞ்சாத்தான சமாளிக்க முடியும்?

என்னது? சிலையா?

துறைமுகத்துல ஓதனுக்குச் சிலை. கையில விளக்கு. வேந்தழகன் ராசாவாகி மாலை போடுதான். நல்லா இருக்குடா உங்க நியாயம்! உசுரோட இருந்தவனைப் பாரம்னு விட்டுட்டு, செத்தப்புறம் கல்லுல செஞ்சு நிறுத்துதானுவ. அதுவும் கண்ணு தெரியாதவன் கையில விளக்கு! எழுதினவனுக்குத் தலைக்குள்ள என்ன இருக்கும், களிமண்ணா?

இரு. யோசிக்கேன். சிலையை எடுக்க முடியாது, அதைச் சுத்தித்தான கடைசி அத்தியாயமே இருக்குங்கே. சரி, சிலை இருக்கட்டும். ஓதன் வந்து அந்தச் சிலையைத் தடவிப் பாக்கான். மூக்கைத் தடவுதான். 'ஏல, இது யாருல? என் மூக்கு இவ்வளவு பெருசா?'ங்கான். அந்தச் சிலையடியிலயே உக்காந்து வெத்தலை போடுதான். எப்படி? நல்லா இருக்கா? எங்க வீட்டுக்காரரு விழுந்து விழுந்து சிரிப்பாரு பாரு.

அன்னா, கூட்டியாராங்க. நீலச் சட்டை, அவருதான். இங்க பாரு பிள்ள, வாயைத் திறந்துராத. ஓதன் செத்ததை மட்டும் சொல்லிராத. உன் கையைப் பிடிச்சுக் கேக்கேன். எதிர்ல ஆளு எவ்வளவு தள்ளி நிக்குன்னு தெரியாததால அவரு சத்தமாத்தான் பேசுவாரு, ரகசியம் சொன்னாலும் தெருவுக்கே கேக்கும், நீ பயந்துராத.

என்னங்க, இப்படி உக்காருங்க. அழுத்தம் குறைஞ்சிருக்கா? அப்பாடா. இந்தா, இந்தப் பிள்ளையும் நம்ம சங்குமலைதான் படிக்கி. ஆமா, கடைசிப் பாகம். என்ன, மூஞ்சி மாறுது உங்களுக்கு? சரி, ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருங்க. சொட்டு மருந்துக்கு என் பேரைக் கூப்பிடுதாங்க, வாங்கிட்டு வந்துருதேன்.

வாங்கியாச்சு, கிளம்புவோமா? நர்ஸம்மா, அவரைக் கொஞ்சம் வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போங்க, நான் பையை எடுத்துட்டு வாரேன்.

நீ ஒண்ணும் சொல்லாண்டாம் பிள்ள. எனக்குக் கேட்டுச்சு. மருந்து குடுக்குத இடம் வரைக்கும் கேட்டுச்சு. 'பாப்பா, எங்க வீட்டுக்காரி முன்னால ஓதன் பேச்சை எடுத்துராத தாயி. அவ அவனை உசுரோட வச்சிருக்கா'ன்னாரு. அதான? அதான சொன்னாரு?

ஜெபமாலையாம் ஜெபமாலை! திருட்டு மனுசன். எத்தன மாசமா எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி கெடந்திருக்காரு. சுரங்கம், குகை, வேட்டி நுனி. எல்லாம் தெரிஞ்சுதான் எடுத்துக் குடுத்திருக்காரு. நான் கோட்டிக்காரி, பக்கத்தைப் புரட்டிப் புரட்டி நடிச்சிருக்கேன். அவரு முன்னால போயி எப்படி மூஞ்சியைக் காட்டுவேன்? சந்தோசமாவும் இருக்கு, ரெண்டு சாத்து சாத்தணும் போலயும் இருக்கு.

இல்ல, எனக்குக் கேக்கல. கேக்கலன்னே வச்சுக்கோ. நீயும் சொல்லாத, நானும் கேக்க மாட்டேன். நாளைக்கு ஓதன் அந்தச் சிலையைத் தடவித்தான் ஆகணும்.

என்னங்க! நில்லுங்க, படி இருக்கு, நான் வந்துட்டேன். போற வழியில ஏழாம் பாகத்தை வாங்கிட்டுப் போவோம். சாயங்காலம் மாடியில உக்காந்து வாசிப்போமா? வீட்டுக்குள்ள ஒரே புழுக்கம். ஆமா, மாடியிலதான் சொல்லுதேன். சாவியை உங்க கையில தாரேன், நீங்களே திறங்க.

நீ ஏன் பிள்ள அழுத? கூறுகெட்டவளே, கண்ணைத் தொடை. ஓதன்தான் சாகலையே.